போக்குவரத்துக் குழுவுல ஒரே ஆளு

பள்ளிக்கூட ஹால்ல மூணாவது வரிசை. பக்கத்துல என் சம்சாரம் பாக்கியம். கல்யாணத்துக்கு எடுத்த பட்டுச்சேலைய பொட்டியில இருந்து எடுத்துக் கட்டியிருக்கா. பூச்சி உருண்டை வாசம் குப்புன்னு அடிக்குது. என் சட்டைக்கு அவளே கஞ்சி போட்டுத் தேச்சிருந்தா. காலர் கழுத்த அறுக்குது. தலைய இடது பக்கம் திருப்பணும்னா உடம்போட சேத்துத் திருப்பணும்.

தை மாசத்து பூனா குளிரு. பொம்பளைங்க எல்லாம் பட்டுக்கு மேல ஸ்வெட்டரு. மேடையில ஒரு பாப்பா சலங்கை கட்டி ஆடிக்கிட்டிருக்கு.

அப்பத்தான் தமிழ் மன்றத்துச் செயலாளர் விஸ்வநாதன் சார் குனிஞ்சுக்கிட்டே எங்க வரிசைக்குள்ள வந்தாரு. சினிமா கொட்டகையில பாதிப் படத்துல எந்திரிச்சுப் போறவன் நடப்பானே, அந்த மாதிரி. என் காதுகிட்ட வாயக் கொண்டு வந்தாரு. கிராம்பு வாசம்.

"சின்னச்சாமி, ஒண்ணும் நினைச்சுக்காதீங்க. ஒரு சின்ன விஷயம்"னு ஆரம்பிச்சாரு.

பெரிய மனுசங்க சின்ன விஷயம்னு ஆரம்பிச்சா அது சின்னதா இருந்ததே இல்ல. என்ன சொன்னாருன்னு அப்புறம் சொல்றேன். அதுக்கு முன்னாடி, என்னை எதுக்கு அன்னிக்கு மூணாவது வரிசையில கொண்டாந்து உக்கார வெச்சாங்கங்கறதச் சொல்லியாகணும். சாதாரணமா நமக்கு ஹாலுக்கு வெளிய, டெம்போ பக்கத்துலதான் எடம்.

கால் பக்கம் புடிச்சவன்

போன வாரம் இதே பக்கத்துல நான் எழுதின டெம்போ வாங்கின கதையப் படிச்சுட்டு வாகட்ல இருந்து ஒரு வாசகர், உங்க தமிழ் ரொம்பக் கொச்சையா இருக்குன்னு எழுதியிருக்காரு. உண்மைதாங்க. மூணாங் கிளாஸ்ல வாத்தியாரு, நீ உள்ள இருந்தா மத்தவன் படிக்க மாட்டான்னு வெளிய உக்காரச் சொன்னாரு. வெளிய உக்காந்தவன் அப்படியே நடந்து பூனா வந்துட்டேன். திண்டுக்கல்லுல அவரு இன்னும் உள்ள கூப்பிடல.

பிம்ப்ரியில இருந்து சாகணுக்கு கம்பெனி சாமான் அடிக்கிறதுதான் என் டெம்போவோட பொழப்பு. ஞாயித்துக்கெழமை தமிழ் மன்றம். நாற்காலி ஏத்தறது, பாத்திரம் ஏத்தறது, வாழை மரம் கட்டறது. உறுப்பினர் எல்லாம் பேங்க், மிலிட்டரி ஆபீஸ், காலேஜ் வாத்தியாரு. நமக்கு தொண்டர்னு ஒரு பேரு. கேக்க நல்லாத்தான் இருந்துச்சு.

தொண்ணூறுகள்ல ஒரு மழைக்காலம். கட்கியில மன்றத்து ஆளு ஒருத்தர் திடீர்னு போயிட்டாரு. நாற்காலி எறக்கிட்டுத் திரும்பின என்னை வழியில மடக்கி, வண்டியோட வாய்யான்னாங்க. போனா, வீடு நெறைய ஆம்பளைங்க. எல்லாரும் படிச்சவங்க. கைய முன்னாடி கட்டிக்கிட்டு சுவத்தோரமா நிக்கறாங்க. ஊர்லன்னா பங்காளி, மாமன் மச்சான்னு ஆளுங்க வந்து குமிஞ்சிருவாங்க. இங்க யாரு இருக்கா? ஆபீஸ்ல லீவு சொல்லிட்டு வந்தவங்கதான்.

பொணத்த எடுக்கணும். ஒருத்தர் இன்னொருத்தரப் பாக்கறாரு. அவரு ஜன்னலப் பாக்கறாரு. ஜன்னலுக்கு வெளிய மழை. எனக்கு டெம்போவ ரோட்டு நடுவுல நிப்பாட்டிட்டு வந்த கவலை. பின்னாடி பஸ்ஸுக்காரன் ஹாரன் அடிக்கறான். சரின்னு நான் போய் கால் பக்கம் புடிச்சேன். சேவை மனப்பான்மைன்னு நினைச்சிராதீங்க. பஸ்ஸுக்காரனுக்குப் பயந்து புடிச்சேன்.

அன்னிக்குப் புடிச்ச காலு, விடவே இல்ல.

அப்புறம் எந்த வீட்டுல எழவு விழுந்தாலும் 'சின்னச்சாமிக்குச் சொல்லு'தான். மூங்கிலு, மண் சட்டி, வறட்டி எங்க வாங்கறது, கார்ப்பரேசன்ல மயானச் சீட்டு எந்த ஜன்னல்ல வாங்கறது, எல்லாம் தப்புத் தப்பாப் பண்ணிப் பழகினேன். ஒரு தடவ மராட்டிக்காரங்க மொறையில பாடை கட்டிட்டு, பெரியவரு ஒருத்தர்கிட்ட வாங்கின திட்டு இருக்கே. தென்னை ஓலை பின்னிப் போடலையேன்னு பொணத்த வெச்சுக்கிட்டு என்னை வஞ்சாரு. ஔந்த்ல ஒரு பங்களா மரத்துல ஏறி ஓலை வெட்டி, நாயிகிட்ட கடி வாங்காத கொறையா எறங்கி வந்தேன். தேங்கா திருட வந்தவன்னு வாட்ச்மேன் கம்போட நிக்கறான். பாடைக்குன்னு சொன்னேன். அவன் பாவம், இன்னும் ரெண்டு மட்டை வெட்டிக் குடுத்தான்.

மன்றத்துல யாரும் என் சாதி என்னன்னு கேட்டதில்லைங்க. நாகரிகமானவங்க. செய்யற வேலையப் பாத்து அவங்களே ஒண்ண முடிவு பண்ணிக்கிட்டாங்க.

பொங்கல் பத்திரிகையும் என் மூஞ்சியும்

ஒரு வருசம் பொங்கல் விழா அழைப்பிதழ வீடு வீடாக் குடுக்கற வேலைய விஸ்வநாதன் சார் என்கிட்டக் குடுத்தாரு. உன் வண்டிதான் ஊரெல்லாம் சுத்துதேன்னாரு. நியாயம்தான். கரும்பும் பானையும் அச்சடிச்ச மஞ்சக் கார்டு.

மொத வீடு ஔந்த்ல. மணி அடிச்சேன். அந்தம்மா கதவத் தொறந்துச்சு. என்னைப் பாத்துச்சு. நிலையப் புடிச்சுக்கிட்டு அப்படியே தரையில உக்காந்திருச்சு. "யாருக்கு? மாமாவுக்கா?"ன்னு கேட்டு அழுவ ஆரம்பிச்சிருச்சு. மாமனாரு சென்னையில ஆஸ்பத்திரியில இருந்திருக்காரு போல. எனக்கு எப்படித் தெரியும்? நான் கார்ட நீட்டறேன், பொங்கலும்மா, பொங்கலும்மாங்கறேன். காதுலயே விழல. எதுத்த வீட்டு மராட்டியம்மா தண்ணிச் சொம்போட ஓடியாந்து, கொலைகாரனப் பாக்கற மாதிரி என்னைப் பாத்துச்சு.

அடுத்த வீட்டுக்குச் சிரிச்ச மொகமாப் போனேன். அது இன்னும் மோசம். எழவு சொல்ல வந்தவன் சிரிச்சா எப்படி இருக்கும்?

அதுக்கு அடுத்த வீட்டுல ஒரு பெரியவரு அவரே வந்து தொறந்தாரு. என்னை மேலயும் கீழயும் பாத்தாரு. "நான் இன்னும் இருக்கேன்டா. அப்புறம் வா"ன்னு கதவச் சாத்திட்டாரு.

வீட்டுக்கு வந்து பாக்கியத்துகிட்டச் சொன்னேன். ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சோம். சிரிச்சு முடிச்சு, அவ முந்தானையில கண்ணத் தொடச்சுக்கிட்டு, "அதான் என்னை ஒரு வீட்டுலயும் கூப்பிடறதில்ல"ன்னா.

நான் அதுவரைக்கும் அதக் கவனிச்சதே இல்ல. மன்றத்துப் பொம்பளைங்க கொலு வைப்பாங்க, வளைகாப்பு பண்ணுவாங்க. எங்க சந்துலயே பாட்டுச் சத்தம் கேக்கும். பாக்கியத்துக்கு அழைப்பு வராது. மராட்டிக்காரங்க வீட்டு மஞ்ச குங்குமத்துக்குத்தான் போவா. அவங்களுக்கு நான் டெம்போ ஓட்டறது மட்டும்தான் தெரியும். தமிழ் பேச ஆசப்பட்டு மன்றத்துக்கு வந்தவ, நல்ல நாள்ல மராட்டி பேசிக்கிட்டு இருந்தா.

அடுத்த வருசத்துல இருந்து அழைப்பிதழ் தபால்ல போச்சு. தபால்காரனப் பாத்து யாரும் பயப்படல.

வெள்ளி விழா

அப்புறம் மன்றத்துக்கு வெள்ளி விழா வந்துச்சு. தொண்டர்களை மேடையில ஏத்திக் கௌரவிக்கறதுன்னு கமிட்டியில முடிவு. சாப்பாட்டுக் குழு, மேடைக் குழு, தமிழ் வகுப்பு நடத்தற டீச்சரம்மா, அப்புறம் நான். தலைவர் சுந்தரராமன் சாரே எங்க வீட்டுக்கு வந்து சொன்னாரு. பேங்க்ல பெரிய ஆபீசரா இருந்து ரிட்டயர் ஆனவரு. எங்க நாற்காலியில நுனியில உக்காந்துக்கிட்டு, உன் சேவைய மன்றம் மறக்கவே மறக்காதுன்னாரு.

அவரு போனதும் பாக்கியம் என்னைப் புடிச்சுக்கிட்டா. மேடையில என்னன்னு சொல்லுவாங்கன்னு கேட்டா.

என்னன்னு சொல்லுவாங்க, செய்யறதச் சொல்லுவாங்கன்னேன்.

"அப்படியே சொல்லுவாங்களா?"

"பின்ன, நான் பரதநாட்டியம் ஆடறேன்னா சொல்லுவாங்க?"

அவ சிரிக்கல. அவ கணக்கு வேற. எல்லாரு முன்னாடியும், மைக்குல, இவரு நம்ம வீட்டுப் பெரியவங்களையெல்லாம் கடைசியா மரியாதையோட அனுப்பி வெச்சவருன்னு ஒரு தடவ சொல்லிட்டாங்கன்னா, அப்புறம் அது மூக்கப் பொத்திக்கிற வேலை இல்லன்னு ஆயிரும். மரியாதையான வேலையாயிரும். நல்லதுக்கும் நம்மளைக் கூப்பிடுவாங்க. அதுக்குத்தான் அந்தப் பட்டுச்சேலை, அந்தக் கஞ்சி, எல்லாம். எனக்குச் சால்வை வேணும்னு இல்லைங்க. அந்த ஒரு வாக்கியம் வேணும். அவளுக்காகன்னு சொன்னா பாதி பொய்யி. எனக்கும் வேணும்னுதான் இருந்துச்சு.

காதுல சொன்ன சின்ன விஷயம்

இப்ப ஹாலுக்கு வந்துருவோம். விஸ்வநாதன் சார் என் காதுல சொன்னது இதான்.

"நல்ல நாள் பாருங்க. வெளியில இருந்து விருந்தாளி எல்லாம் வந்திருக்காங்க. மேடையில அந்த வார்த்தை வேண்டாம்னு கமிட்டியில அபிப்பிராயம். போக்குவரத்துக் குழுன்னு சொல்லிடறோம். சரிதானே?"

என் வாயி இருக்கே, அதுக்கு என்கிட்டக் கேக்கற பழக்கம் கெடையாது. "சரிங்க சார்"னு சொல்லிருச்சு. அவரு என் தோள்ல தட்டிட்டு, வந்த மாதிரியே குனிஞ்சு போயிட்டாரு.

என்ன சொன்னாருன்னு பாக்கியம் கேட்டா. வண்டிய வழியில நிப்பாட்டலையேன்னு கேட்டாருன்னேன்.

பேரு கூப்பிட்டாங்க. போனேன். தலைவர் மைக்குல, மன்றத்தின் போக்குவரத்துக் குழுவைத் தனி ஒருவராகத் தாங்கி நிற்கும் நண்பர் சின்னச்சாமின்னு நல்ல தமிழ்ல சொன்னாரு. போக்குவரத்துன்னா போறதும் வரதும்தானே. நான் ஏத்திட்டுப் போனவங்க ஒருத்தரும் திரும்பி வரலைன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. காலர் இறுக்கிப் புடிச்சிருச்சு, சொல்ல விடல.

ஒரு கம்பெனிப் பெரியவரு சால்வை போட்டாரு. போட்டோவுக்கு நின்னேன். மேடையில இருந்து பாத்தா ஒண்ணு நல்லாத் தெரியுதுங்க. யாரு வீட்டுலயெல்லாம் நான் கால் பக்கம் புடிச்சேனோ, அவங்க அத்தன பேரும் குனிஞ்சு மடியில எதையோ தேடிக்கிட்டிருந்தாங்க. கை மட்டும் தட்டுது. மத்தவங்க நிமிந்து பாத்துத் தட்டினாங்க. எந்த வீடு எதுன்னு மேடையில நின்னே பிரிச்சுச் சொல்லிரலாம்.

எறங்கி வந்தா, கம்ப்யூட்டர் கம்பெனிப் பையன் ஒருத்தன் ஓடியாந்து கையக் குடுத்தான். நல்ல பையன். ஊருக்குப் புதுசு. "அங்கிள், அடுத்த வாரம் வீடு மாத்தறேன். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாம் ஏத்துவீங்களா?"ன்னு கேட்டான். அன்னிக்கு நான் செய்யற வேலையப் பத்தி மொகத்தப் பாத்துப் பேசினது அவன் ஒருத்தன்தான். அதுவும் நான் செய்யாத வேலை, வீடு மாத்தறது.

டெம்போவுல வீட்டுக்கு வரப்ப பாக்கியம் அந்தச் சால்வைய மடிச்சு மடியில வெச்சுக்கிட்டா. தாபோடி தாண்டினப்ப ஒரே ஒரு வார்த்தை. "போக்குவரத்தா?"ன்னா. நான் கியர மாத்தினேன்.

மூணாவது மாடி

அந்த வருசமே தலைவரோட அம்மா தவறிட்டாங்க. தொண்ணூறத் தொட்ட பெரியம்மா. விடியக்காலையில போன். பாக்கியம்தான் எடுத்தா. தலைவரே பேசறாரு, சின்னச்சாமி இருக்காரான்னு.

"எந்தக் குழு விஷயமாங்க சார்?"னு கேட்டா.

அந்தப் பக்கம் அவரு ஏதோ சொல்லியிருக்கணும். இவ மொகம் மாறிருச்சு. போன என்கிட்டக் குடுத்துட்டு, பெரியம்மாவாம், பாவம், கெளம்புங்கன்னா. அவளே சுடுதண்ணி வெச்சுக் குடுத்தா.

ஔந்த்ல மூணாவது மாடி. அந்தக் கட்டடத்து லிஃப்ட்ல உசுரோட நிக்கறவங்கதான் போக முடியும், படுத்தவங்களுக்கு எடம் இல்ல. அதனால படி வழியா. திருப்பத்துக்குத் திருப்பம் தலைப் பக்கத்த தூக்கிப் புடிக்கணும். தலைவர் என் கூடவே ஒரு கை புடிச்சு எறங்கினாரு. பாதிப் படியில நின்னு என் தோள்ல சாஞ்சு அழுதாரு. "நீ இல்லேன்னா நான் என்ன பண்ணியிருப்பேன், சின்னச்சாமி"ன்னு என் காதுக்குள்ள சொன்னாரு.

மைக்குல வராத வாக்கியம். மாடிப்படியில வந்துச்சு. கேட்டதுக்குச் சாட்சி நானும் பெரியம்மாவும்தான். அவங்க வந்து பாக்கியத்துகிட்டச் சொல்லப் போறதில்ல. நான் சொன்னேன். துக்கத்துல சொல்லியிருப்பாருன்னா.

தாம்பாளம்

அப்புறம் கொஞ்ச காலம் கழிச்சு, ஒரு ஞாயித்துக்கெழமை சாயந்தரம், எங்க வாசல்ல கார் நின்னுச்சு. தலைவரும் அவரு சம்சாரமும். கையில தாம்பாளம். வெத்தல பாக்கு, பூ, பத்திரிகை. பொண்ணுக்குக் கல்யாணம்.

பாக்கியம் கைய முந்தானையில தொடச்சுட்டு ரெண்டு கையாலயும் வாங்கினாங்க. பூனா வந்து இத்தன வருசத்துல மன்றத்துல இருந்து எங்க வீட்டுக்குள்ள வந்த மொத தாம்பாளம். அந்தம்மாவே பாக்கியத்துக்குக் குங்குமம் குடுத்துச்சு. இவ உள்ள ஓடிப் போயி பாலுக்கு ஆள் அனுப்பி, இருக்கறதுலயே நல்ல டம்ளர்ல காப்பி கொண்டாந்தா. நான் பொண்ணப் பத்தி, மாப்பிள்ளையப் பத்தி எல்லாம் கேட்டுக்கிட்டிருந்தேன். சந்தோசத்துல வாயி ஓடுது எனக்கு.

எந்திரிக்கற நேரத்துக்குத் தலைவர் தொண்டையச் செருமினாரு. மொகத்த என் பக்கம் திருப்பாம, செவுத்துக் காலண்டரப் பாத்துப் பேசினாரு.

"முகூர்த்தம் ரொம்ப சீக்கிரம். காலங்காத்தால நீங்க அலைய வேண்டாம். நிதானமா, முகூர்த்தம் முடிஞ்சு, சாப்பாட்டுக்கு வந்தாப் போதும். என்ன?"

அவரு சம்சாரம் சேலை மடிப்ப நீவிவிட்டுக்கிட்டே இருந்துச்சு. காப்பி மேல ஏடு கட்டிருச்சு.

எனக்குப் புரிஞ்சிருச்சு. வழக்கம்போல என் வாயி 'சரிங்க சார்'ங்கறதுக்குத் தயாராத் தொறந்துச்சு. அதுக்குள்ள பாக்கியம் பேசிட்டா. சத்தமெல்லாம் போடல. மரியாதையாத்தான் கேட்டா.

"இவரு என்னைக்குங்க சார் லேட்டா வந்திருக்காரு?"

தலைவர் கையக் கூப்பிக்கிட்டே எந்திரிச்சாரு. கார் போனப்புறம் பாக்கியம் அந்தக் காப்பிய வாசல்ல கொட்டல. அவளே ஒக்காந்து ரெண்டு டம்ளரையும் குடிச்சா.

மொத வரிசை

போகக் கூடாதுன்னுதான் நான் நெனச்சேன். அவதான் கெளப்பினா. மறுபடி அந்தப் பட்டு, மறுபடி அந்தக் கஞ்சி. இருட்டோட கெளம்பிட்டோம். நாங்க போறப்ப நாதஸ்வரக்காரரு இன்னும் டீ குடிச்சுக்கிட்டிருந்தாரு. பந்தல்காரன் என்னைத்தான் பொண்ணு வீட்டு ஆளுன்னு நினைச்சு, பூவ எங்க எறக்கறதுன்னு கேட்டான்.

பாக்கியம் நேரா நடந்து போயி மொத வரிசையில நடுவுல உக்காந்தா. நானும் உக்காந்தேன்.

ஆளுங்க வர ஆரம்பிச்சாங்க. எல்லாம் மன்றத்து ஆளுங்க. தெரிஞ்ச மொகங்க. எங்களைப் பாத்துச் சிரிச்சாங்க. தலைய ஆட்டினாங்க. ஒருத்தரு, வண்டி எப்படி ஓடுதுன்னு கூடக் கேட்டாரு. கேட்டுட்டுப் பின்னாடி போயிட்டாங்க. விஸ்வநாதன் சாரும் அவரு வீட்டம்மாவும் மொத வரிசைக்குன்னே வந்தாங்க, பாதி வழியில அவருக்கு யாரையோ பாக்க வேண்டியிருந்துச்சு.

கெட்டிமேளம் கொட்டுச்சு. தாலி ஏறுச்சு. பாக்கியம் எந்திரிச்சு நின்னு, கண்ண மூடிக்கிட்டு அட்சதை போட்டா. அந்தப் பொண்ணு நல்லா இருக்கணும்னு மனசாரத்தான் போட்டா, எனக்குத் தெரியும். தலைவர் மணவறையில இருந்து எங்களைப் பாத்தாரு. அப்புறம் ஹோமத்தப் பாத்தாரு. பொகைக்குக் கண்ணு கலங்கிருச்சோ என்னமோ.

நான் திரும்பிப் பாத்தேன். ஹால் நெறஞ்சு போயி, எடம் இல்லாம ஆளுங்க செவுத்தோரமா, கைய முன்னாடி கட்டிக்கிட்டு நிக்கறாங்க. எங்க வரிசையில எங்களுக்கு ரெண்டு பக்கமும் நாற்காலி காலி. ராஜா மாதிரி கால நீட்டி உக்காந்தேன்.

பாக்கியம் பக்கத்து நாற்காலியில கைப்பைய வெச்சா. யாராச்சும் வந்து, இத எடுங்கம்மான்னு கேட்டா எடுத்துக் குடுக்கலாம்னு அதும் மேலயே ஒரு கைய வெச்சுக்கிட்டிருந்தா. சாப்பாட்டுக்குக் கூப்பிடற வரைக்கும் வெச்சிருந்தா.